முடிவு எழுதி வைத்ததுதான். ஆனாலும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதீர்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டதுதானே? அப்படியிருக்க, முடிவைப் படித்துவிட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? தெரியாமல்தான் பார்க்க வேண்டுமென்றால், இந்தக் காலத்தில் அது நடக்கிற காரியமா?"

முடிவு தீர்மானிக்கப்பட்டது என்பது ஒன்று. அது எனக்குத் தெரியும் என்பது வேறொன்று. கேள்வி இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. மல்யுத்தம் போட்டி அல்ல, கேளிக்கை என்பதை அதை நடத்துபவர்களே 1989-ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்துச் செனட்டில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காக அவர்கள் செய்த காரியம் அது. ஆகவே இதில் நாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய உண்மை ஏதும் மிச்சமில்லை. "இதெல்லாம் பொய் தெரியுமா?" என்று இன்றும் யாராவது என்னிடம் கேட்டால், சினிமாவில் கதாநாயகன் உண்மையாகவே சாவதில்லை என்பதும் எனக்குத் தெரியும் என்றுதான் பதில் சொல்வேன். ஒரு நிகழ்ச்சியின் முடிவு திரைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கும் சிலருக்குத் தெரியும். அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்குத் தெரியாது. அந்தச் சிலர், இந்த ஆயிரக்கணக்கானோரின் தெரியாமையை வைத்துத்தான் தொழில் நடத்துகிறார்கள்.

நண்பர் ஒருவர் என்னிடம் தெருக்கூத்தை எடுத்துக்காட்டி வாதிட்டதுண்டு. பதினெட்டாம் போர் பார்க்க விடிய விடிய உட்காருகிறவருக்குத் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது தெரியாதா, தெரிந்தும் ரசிக்கவில்லையா என்பது அவருடைய வாதம். நல்ல வாதம்தான். ஆனால் கூத்துக் கதை ஊருக்கே சொந்தமானது. ஆடுகிறவர் அது எல்லோருக்கும் தெரியும் என்ற உறுதியில்தான் ஆடுகிறார், பாட்டிலும் அடவிலும் கட்டியங்காரனின் பேச்சிலும் தம் திறமையைக் காட்டுகிறார். மல்யுத்தக் கதையோ இந்த வாரம்தான் எழுதப்படுகிறது; சில சமயம் அன்று மாலைதான் எழுதி முடிக்கப்படுகிறது. ஆடுகிறவர்கள், பார்ப்பவருக்குக் கதை தெரியாது என்ற உறுதியில் ஆடுகிறார்கள். ஒரு கலை தன் ரசிகரிடம் எதை எதிர்பார்க்கிறதோ அதைக் கொடுத்துவிட்டுத்தான் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இது வெறும் தத்துவமன்று. மல்யுத்தத்தின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். எதிராளியின் தோள்கள் இரண்டும் தரையில் படிந்திருக்க, நடுவர் கையால் விரிப்பை மூன்று முறை தட்டினால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவது தட்டுக்கும் இடையிலுள்ள அந்த அரை நொடிதான் இந்தக் கலையின் உயிர். கை கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது, விரிப்புக்கு ஒரு விரற்கடை மேலே, விழுந்து கிடப்பவர் ஒரு தோளை உயர்த்திவிடுவார். கூட்டம் மொத்தமும் "ஓ" என்று மூச்சுவிடும். ரசிகர்கள் இதை 'நியர் ஃபால்' என்பார்கள். ஒரு நல்ல பெரிய ஆட்டத்தில் இத்தகைய தருணங்கள் எட்டு, பத்துகூட வரும்; அவற்றில் ஏறக்குறைய பாதி, இறுதியில் தோற்கப்போகிறவர் வென்றுவிடுவாரோ என்று தோன்றும் தருணங்களாக இருக்கும். முடிவைப் படித்துவிட்டு உட்காருகிறவருக்கு இந்தப் பாதி பிறக்கும்போதே செத்துவிடுகிறது. நடுவர் கை இறங்கும்போது அவர் பதறமாட்டார். தோள் எப்போது உயரும் என்று காத்திருப்பார். ஆட்டத்தின் மறுபாதியும் சற்றே வாடிப்போகும்: வெல்லப்போகிறவர் அடி வாங்கும்போது நமக்கு அவர்மேல் இரக்கம் வர வேண்டும், ஆனால் கணக்கு தெரிந்தவருக்கு இரக்கம் வருவதில்லை.

இதை நான் கண்ணால் கண்ட நாள் ஒன்று உண்டு. 2014 ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சூப்பர்டோம் அரங்கில், மல்யுத்தத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியா முப்பதாவது முறையாக நடந்தது. அங்கே ஞாயிறு மாலை ஆறு மணி என்றால் நமக்குத் திங்கள் அதிகாலை நாலரை. வேலைக்குப் போக வேண்டிய நாள் என்பதால் பதிவு செய்துவைக்க ஏற்பாடு செய்துவிட்டு, கைபேசியில் இணையத்தை அணைத்து, பகல் முழுவதும் யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் ஓட்டினேன். என் தம்பியால் அது முடியவில்லை; மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டான். என்னிடம் சொல்லாதிருக்கும் நல்ல புத்தி மட்டும் அவனுக்கு இருந்தது. இரவு எட்டு மணிக்கு இருவரும் தோசைத் தட்டுகளோடு தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தோம்.

அண்டர்டேக்கர் என்ற ஆட்டக்காரர் 1991 முதல் அன்றுவரை ரெசில்மேனியா மேடையில் தோற்றதே இல்லை. 21 ஆட்டங்கள், 21 வெற்றிகள். அன்று எதிரே பிராக் லெஸ்னர். உண்மையைச் சொன்னால் அது நல்ல ஆட்டமன்று. மந்தமாக இருந்தது, நடுநடுவே தொய்ந்தது. முடிவு தெரிந்த தம்பிக்கு அது மந்தமான ஆட்டமாகவே தெரிந்தது. இரண்டு முறை கைபேசியை எடுத்தான். எனக்கோ அதே மந்தம் வேறொன்றாகத் தெரிந்தது. கிழவர் களைத்துவிட்டார், கால் பின்னுகிறது, ஆனாலும் எழுந்துவிடுவார், எப்போதும் எழுந்துதானே இருக்கிறார் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. லெஸ்னர் தம்முடைய எஃப்-5 வீச்சை முதல் முறை போட்டார்; தோள் உயர்ந்தது. இரண்டாம் முறை போட்டார்; அப்போதும் உயர்ந்தது. பிறகு அண்டர்டேக்கர் தம்முடைய டூம்ஸ்டோன் பிடிக்கு அவரைத் தூக்க முயன்றபோது, லெஸ்னர் அதிலிருந்து நழுவி மூன்றாவது எஃப்-5-ஐப் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவது தட்டு விழுந்த பிறகும் நான் அதை இரண்டாகத்தான் எண்ணியிருந்தேன். மணி அடித்தது. வென்றவரின் இசை உடனே ஒலிக்கவில்லை. வர்ணனையாளர்கள் வாய் திறக்கவில்லை. வளையத்துக்கு வெளியே நின்ற பால் ஹேமன், வென்றவரின் ஆளாக இருந்தும், நம்ப முடியாதவரைப் போலத் தலையில் கை வைத்துக்கொண்டார். 75,000-க்கும் மேற்பட்டோர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டம் மௌனமாக இருந்தது. கண்ணாடி அணிந்த ரசிகர் ஒருவர் வாய் பிளந்து, கண் விரிந்து நின்றதைக் கேமரா பிடித்தது. பிறகு திரையில் '21-1' என்று எழுத்து வந்தது. நான் தம்பியின் பக்கம் திரும்பினேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குக் கிடைக்காம போனது உனக்காவது கிடைக்குதான்னு பார்த்தேன் அண்ணா" என்றான்.

இந்த முடிவு தமக்கு அன்றைய தினம்தான் சொல்லப்பட்டது என்று அண்டர்டேக்கரே பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். 21 வெற்றிகளின் வரிசையைச் சுமந்தவருக்கே காலையில் தெரியாத ஒன்றை, அது நடந்த சில மணி நேரத்துக்குள் மதியச் சாப்பாட்டோடு சேர்த்துப் படித்துவிடக்கூடிய காலம் இது.

மறுதரப்பிலும் சொல்வதற்கு விஷயம் உண்டு; அதை மறைத்தால் இந்தப் பதில் நேர்மையாகாது. முடிவு தெரிந்ததாலேயே கூட்டம் ஓடிவந்து பார்த்த இரவு ஒன்று மல்யுத்த வரலாற்றில் இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திங்கட்கிழமை இரவுகளில் இரண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டன. இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் நிறுவனத்தின் நிகழ்ச்சி 'ரா', மற்றொன்று, டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தின் 'நைட்ரோ'. நைட்ரோ நேரலையாக ஒளிபரப்பானது. ராவின் சில வாரங்கள் முன்பே பதிவு செய்யப்பட்டவை. ஆகவே எதிரியின் முடிவுகளை நேரலையில் போட்டு உடைப்பதை நைட்ரோவை நடத்திய எரிக் பிஷாஃப் ஒரு போர்த்தந்திரமாகவே வைத்திருந்தார். 1999 ஜனவரி 4 அன்று, மேன்கைண்ட் என்ற பெயரில் ஆடிவந்த மிக் ஃபோலி ராவில் உலகப் பட்டத்தை வெல்லப்போகிறார் என்று நைட்ரோவின் வர்ணனையாளர் டோனி ஷவோனி அறிவித்து, இது இருக்கைகளை நிரப்பிவிடும் பாருங்கள் என்று கிண்டலும் செய்தார். ஃபோலி முன்பு அவர்களிடமே ஆடியவர். ஒருநாளும் முதலிடத்துக்கு வைக்கப்படாதவர். அந்த அறிவிப்பைக் கேட்டதும் பெருந்தொகையான பார்வையாளர்கள் அலைவரிசையை மாற்றி ராவுக்குப் போனார்கள். அன்றைய தொலைக்காட்சிப் பார்வையாளர் தரப்புள்ளி ராவுக்கு ஏறத்தாழ 5.7, நைட்ரோவுக்கு 5.0. 2001 மார்ச்சில் நைட்ரோவை நடத்திய நிறுவனத்தை எதிரியே விலைக்கு வாங்கிவிட்டார்.

இதைக் காட்டி, முடிவு தெரிந்தால் ஆர்வம் கூடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அந்த ஒளிப்பதிவை இன்று எடுத்துப் பாருங்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்கும். அது ஸ்டீவ் ஆஸ்டினுடைய நுழைவிசை. அந்த ஓசை கேட்ட கணத்தில் கூட்டம் எழுப்பும் இரைச்சலைப் போல நான் வேறெதையும் அதிகம் கேட்டதில்லை. ஆஸ்டின் வந்து, அன்று பட்டத்தை வைத்திருந்த ராக்கை நாற்காலியால் அடிக்கிறார், மயங்கிக் கிடக்கும் ஃபோலியை இழுத்து ராக்கின்மேல் போடுகிறார், நடுவர் மூன்று எண்ணுகிறார், அரங்கமே இடிந்துவிடுமோ என்று தோன்றுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் அதற்கு ஆறு நாள் முன்பு, 1998 டிசம்பர் 29 அன்று, இந்த ஆட்டம் பதிவானபோது அந்த அரங்கில் இருந்த ஒருவருக்கும் முடிவு தெரியாது. வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர்கள் ரசித்ததோ தெரியாதவர்களின் இரைச்சலை. யாரோ ஒருவர் தெரியாமல் இருந்தே ஆக வேண்டும். கூடுமானவரை அந்த ஒருவராக நானே இருக்க விரும்புகிறேன்.

ஆய்வுகளும் இருபுறமும் பேசுகின்றன. 2011-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து உளவியலாளர்கள் இருவர் 12 சிறுகதைகளைக் கொண்டு நடத்திய சோதனையில், முடிவு முன்பே சொல்லப்பட்டவர்கள் கதைகளைக் கூடுதலாக ரசித்ததாகக் கண்டார்கள். 2015-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு நேர்மாறான முடிவுக்கு வந்தது. எப்படியானாலும் சிறுகதைக்குப் பக்கத்து இருக்கையில் கத்துகிற கூட்டம் கிடையாது என்பதால், இந்த ஆய்வுகளை மல்யுத்தத்துக்கு அப்படியே பொருத்த எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாம் முறை பார்ப்பதன் இன்பத்தை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அது இரண்டாம் முறைக்கு உரியது. ஜப்பானில் கசுசிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் மோதிய வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஒகாடா வென்றார். அந்த நீண்ட ஆட்டத்தில் ஒமேகாவால் தம்முடைய உச்சகட்ட வீச்சான 'ஒன் விங்ட் ஏஞ்ச'லை ஒரு தடவைகூடப் போட முடியவில்லை. அதே ஆண்டு ஜூன் 11 அன்று ஒசாகாவில் இரண்டாம் ஆட்டம். அங்கே பட்டத்துக்கான ஆட்டத்துக்கு 60 நிமிட வரம்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு நேரம் கடந்தது என்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் சொல்வார். இம்முறை ஒமேகா அந்த வீச்சைப் போட்டேவிட்டார், ஒகாடாவின் கால் கயிற்றில் பட்டுவிட்டதால் எண்ணிக்கை செல்லவில்லை. முடிவு தெரியாமல் பார்த்தபோது ஐம்பதாவது நிமிட அறிவிப்பைக் கேட்டதும் என் உள்ளங்கை வேர்த்தது. இன்னும் பத்தே நிமிடம், இருவரில் ஒருவரும் வெல்லாமல் போய்விடுமோ என்ற அச்சம். போய்விட்டது; 60 நிமிடமும் தீர்ந்து ஆட்டம் சமநிலையில் முடிந்தது. சில மாதம் கழித்து மறுபடி பார்த்தேன். இப்போது அறிவிப்பாளரின் குரல் வெறும் கடிகாரமாகிவிட்டது. ஆனால் அந்தக் கால் கயிற்றைத் தேடிப் போகும் விதத்தையும், ஒமேகாவின் தோழர்களுள் ஒருவரான கோடி ரோட்ஸ், துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தது எந்த நிமிடத்தில் வைக்கப்பட்டது என்பதையும் அப்போதுதான் நிதானமாகக் கவனித்தேன். 2018 ஜூன் 9 அன்று மூன்றில் இரண்டு என்ற விதியின்படி, நேர வரம்பே இல்லாமல் நடந்த ஆட்டத்தில், ஒமேகா அதே வீச்சால் பட்டத்தைப் பறித்தார். ஒன்றரை ஆண்டு வளர்ந்த ஒரு வீச்சின் கதை இது. முதலில் பதற்றம், பிறகு வேலைப்பாடு என்ற வரிசையில் எனக்கு இரண்டும் கிடைத்தன. படித்துவிட்டுப் பார்த்திருந்தால் வேலைப்பாடு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. தெரியாமல் பார்ப்பது நடக்கிற காரியமா? நடக்கும், ஆனால் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். ஸ்பாய்லர், அதாவது கதையை முன்கூட்டியே உடைத்துவிடும் தகவல், என்றால் முடிவுப் பட்டியல் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மை. 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சி பெரும்பாலும் செவ்வாயன்று பதிவாகி வியாழனிலோ வெள்ளியிலோ ஒளிபரப்பான காலத்தில், அரங்குக்குப் போனவர் யாரேனும் எழுதும் பட்டியலைப் படிக்காதிருந்தால் போதும். 2016 ஜூலையில் அதுவும் நேரலைக்கு வந்துவிட்டது. இப்போது நமக்குள்ள பெரிய எதிரி நேர வித்தியாசம்தான். 'ரா' அமெரிக்காவில் திங்கள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால், கோடையில் நமக்குச் செவ்வாய் காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்புகிற நேரத்தில் அங்கே ஆட்டம் உச்சத்தில் இருக்கும். ஆகவே நம்மவர்களில் பெரும்பாலோர் மாலையில்தான் பார்க்க முடியும். காவல் காக்க வேண்டியது அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை.

அந்த நேரத்தில் காட்டிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த ஆட்களே. அவர்களுடைய யூடியூப் அலைவரிசை நிகழ்ச்சி முடிந்த கையோடு துண்டுக்காட்சிகளை ஏற்றும். முகப்புப் படத்திலேயே புதிய சாம்பியன் பட்டத்தோடு நின்றுகொண்டிருப்பார். அவர்களுடைய செயலியின் அறிவிப்பு மணி, நீங்கள் பேருந்தில் நிற்கும்போது முடிவைச் சொல்லிவிடும். எனவே திங்கள் இரவு தூங்கப் போகும் முன் அந்த அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். மறுநாள் யூடியூப் முகப்பைத் திறக்காதீர்கள். சமூக வலைத்தளங்களில் நிகழ்ச்சியின் பெயரையும் முக்கிய ஆட்டக்காரர்களின் பெயர்களையும் தடைசெய்யும் சொற்களாகச் சேர்த்து வையுங்கள். பார்க்க உட்காரும்போது ஒளிபரப்புச் செயலியில் அந்த நிகழ்ச்சியைத் தேடி நேராக உள்ளே போய்விடுங்கள். கீழே எழுதியிருக்கும் விவரத்தைப் படிக்க நிற்காதீர்கள்.

இவற்றையெல்லாம் செய்தவர்களும் மறந்துவிடும் ஒன்று, காணொளியின் நீளம். கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. திரையின் அடியில் ஓடும் கோட்டில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் மீதி இருக்கிறது. அப்படியானால் இப்போது விழும் எந்த மூன்று எண்ணிக்கையும் முடிவல்ல, அல்லது முடிந்த பிறகு ஏதோ பெரிய சம்பவம் காத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிடம்தான் மீதி என்றால் அடுத்த வீச்சோடு கதை முடிந்தது. எவ்வளவு பெரிய ஸ்பாய்லர் பாருங்கள், அதை யாரும் எழுதக்கூட வேண்டியதில்லை. நான் பழைய காலண்டர் அட்டையிலிருந்து ஒரு பட்டை வெட்டி, தொலைக்காட்சியின் அடிவிளிம்பில் ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அடுத்தது வதந்தி. இது முடிவைவிட மோசமானது என்பது என் கருத்து. மேடைக்குப் பின்னால் என்ன திட்டமிடப்படுகிறது என்று எழுதும் செய்திமடல்கள் பல்லாண்டுகளாக இருக்கின்றன. அவற்றுள் டேவ் மெல்ட்சருடைய மடல் போல உழைத்துச் சேகரித்து எழுதப்படுபவையும் உண்டு, அதை வாங்கி நீர் கலந்து விற்பவையும் ஏராளம். பந்தய நிறுவனங்கள் மல்யுத்தத்துக்கும் விகிதம் போடுகின்றன. நிகழ்ச்சிக்குச் சில மணி நேரத்துக்கு முன் அந்த விகிதம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் உள்ளேயிருந்து தகவல் கசிந்துவிட்டது என்று ரசிகர்கள் கணக்குப் போடுவார்கள். இவற்றைப் படிப்பதன் கேடு, அவை உண்மையாவதில் மட்டும் இல்லை, பொய்யாவதிலும் இருக்கிறது. மனத்தில் ஒரு கதையை எழுதிவைத்துக்கொண்டு உட்காருகிறவருக்கு, எதிரே நடக்கும் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏமாற்றம்தான். 2014 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த, முப்பது பேர் ஆடும் 'ராயல் ரம்பி'ளில், தங்கள் அபிமான ஆட்டக்காரர் டேனியல் பிரையன் வருவார் என்று கூட்டம் தானாகவே நம்பிக்கொண்டது; நிறுவனம் அப்படி அறிவித்திருக்கவே இல்லை. கடைசியாக, முப்பதாவது ஆளாக வந்தவர் ரே மிஸ்டீரியோ. குழந்தைகள் முகமூடி வாங்கிப் போட்டுக்கொண்டு கொண்டாடிய மனிதர், பல்லாண்டு நல்லவர் வேடத்திலேயே ஆடிவந்தவர். அவரை அன்று அரங்கமே ஊளையிட்டு விரட்டியது. வந்தவர் மீது அவர்களுக்குக் கோபமில்லை; வராதவர் மீது வைத்த எதிர்பார்ப்புக்கு அவர் பலியானார்.

ராயல் ரம்பிளைப் பற்றிச் சொன்னதால் ஒன்று: புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள், தெரியாமல் பார்ப்பதன் ருசியை அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது. முப்பது பேர், ஒருவர்பின் ஒருவராக வருவார்கள். திரையில் பத்திலிருந்து எண்கள் இறங்கும், கூட்டம் சேர்ந்து கத்தும், ஒலிப்பான் அலறும்; பிறகு அடுத்தவரின் இசை தொடங்கும்வரை ஒன்றிரண்டு நொடி வெறுமை. அந்த வெறுமையில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். 2007-இல் நெஞ்சுத்தசை கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜான் சீனா, இன்னும் சில மாதம் வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2008 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் முப்பதாவது ஆளாக வந்து நின்றார். 2020-இல் ஹூஸ்டனில், கழுத்துக் காயத்தால் 2011-இல் ஓய்வு பெற்றுவிட்ட எட்ஜ், இருபத்தோராவது ஆளாக வந்தார். அவர் கண் கலங்கி நின்றதை நான் மூன்று நான்கு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவர் வரக்கூடும் என்ற பேச்சு முன்பே உலவியது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அறியாதிருந்தது என் அதிர்ஷ்டம்.

காட்டிக்கொடுக்கும் வேலை சில சமயம் மேடையிலிருந்தே நடந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996 ஜூலை 7 அன்று டேடோனா பீச்சில் நடந்த டபிள்யூ.சி.டபிள்யூ. நிகழ்ச்சியில், அந்த நிறுவனத்தின்மேல் படையெடுத்து வந்தவர்களாகக் காட்டப்பட்ட இருவரோடு சேரப்போகும் மூன்றாவது ஆள் யார் என்பதே புதிர். ஹல்க் ஹோகன் நடந்து வருகிறார். பல்லாண்டு நல்லவராகவே நின்றவர், தோழர்களைக் காப்பாற்ற வருகிறார் என்றுதான் கூட்டம் ஆரவாரிக்கிறது. அவர் கயிற்றைத் தாண்டிப் போய் நண்பர் ரேண்டி சாவேஜ்மேலேயே காலை இறக்குவதற்குச் சில நொடிக்கு முன், வர்ணனையாளர் பாபி ஹீனன், இவர் யார் பக்கம் என்று கேட்டுவிட்டார். குட்டை உடைத்துவிட்டார் என்று இன்றுவரை அவரைத் திட்டுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஹோகனை நம்பாதே என்று ஆண்டாண்டுக் காலமாகச் சொல்லிவந்த பாத்திரம் வேறென்ன கேட்கும்?

கடைசியாக, உடன் பார்க்கும் மனிதர்கள். கருவிகளை அணைத்துவிடலாம், சொந்தக்காரர்களை அணைக்க முடியாது. 2025 மார்ச் 2, ஞாயிறு காலை, டொராண்டோவில் 'எலிமினேஷன் சேம்பர்' என்ற கூண்டு ஆட்ட நிகழ்ச்சி முடிந்த சற்று நேரத்தில் தம்பியிடமிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது: "பார்த்துட்டியா?" அவ்வளவுதான். ஒரு பெயர் இல்லை, ஒரு முடிவு இல்லை. ஆனால் வெறும் சாதாரண நிகழ்ச்சிக்கு அவன் இப்படிக் கேட்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும். மதியம் பார்க்க உட்கார்ந்தவன், ஒவ்வொரு ஆட்டத்திலும் 'இதுதானோ அது' என்று தேடிக்கொண்டே இருந்தேன். கூண்டுக்குள் சீனா வென்றபோது இதுதான் என்று நிம்மதியாகி, தண்ணீர் குடிக்க எழுந்தேன். சீனா அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டித் தழுவுவதும், எதிரே நின்ற ராக் விரலால் கழுத்தை அறுப்பது போல் சைகை காட்டுவதும், இருபது ஆண்டுக்கு மேலாக நல்லவராகவே இருந்த மனிதர் தழுவிய கையோடு கோடியை உதைத்து வீழ்த்துவதும் அதற்குப் பிறகுதான் நடந்தன. அடுப்படி வாசலில், கையில் சொம்போடு நின்றபடி பார்த்தேன்.

அன்று இரவே தம்பியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இப்போது ஒவ்வொரு செவ்வாயும் காலை ஒன்பது மணிக்கு, ஒன்றுமே நடக்காத வாரத்திலும், அவனே பார்க்காத வாரத்திலும்கூட, "பார்த்துட்டியா?" என்று அவனிடமிருந்து தவறாமல் செய்தி வந்துவிடும்.